நரையும் பச்சிலைச் சாயமும்

சங்கப் புலவருள் பிசிராந்தையார் என்பவர் ஆண்டு பல கடந்தும் தலை நரையாதிருந்தார். அஃது எவ்வாறு என்று வியந்து வினவியோர்க்கு அவர் கூறிய விடை, புறநானூற்றின் 191 ஆம் பாட்டாக இன்றும் நிலவுகின்றது. மனைவியும் மக்களும் குணத்தால் நிறைந்தவர்கள். ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர்கள். அரசன் நெறி தவறாதவன். ஊரிலே சான்றோர் பலர் உளர். ஆகவே கவலையில்லை, கவலையின்மையால் நரையுமில்லை என்பது அவ்விடையின் சாரமாகும். இதற்கு மறுதலையான கதையொன்றும் தமிழில் உண்டு. கரிகாற் சோழன் மிக இளையவனாயிருந்தபோது, இவ்விளைஞன் நம் வழக்கை எங்ஙனம் தீர்ப்பான் என்று முதியோர் இருவர் ஐயுற்றனராம். அரசன் உள்ளே சென்று, நரைமயிரை முடித்து முதியவர் கோலத்துடன் வந்து நீதி வழங்கினான் என்பர். நரை வாராமைக்கு மகிழ்ந்தார் ஒருவர். வாராத நரையை வருவித்துக்கொண்டான் மற்றொருவன்.

நம் காலத்தவர் பெரும்பாலும் புலவரின் பக்கமே நிற்கின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் நரையை மறைப்போர் தொகை குறைந்ததன்று. இருபது வயதிலே இளநரை கண்ட பெண்ணுக்குத் திருமணப் பேச்சு நடக்கும்போது தாய்க்கு உண்டாகும் கவலை சிறிதன்று. உத்தியோகத்திலிருப்பவரும், பிள்ளையின் கலியாணத்திற்கு மணவறையருகே நிற்கவேண்டிய தந்தையும், வெளிநாட்டிலிருந்து பல ஆண்டுகளின் பின் வரும் உறவினரை எதிர்நோக்கியிருக்கும் தாயும் கண்ணாடியின் முன் ஒருகணம் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தைக் குறைகூறுதல் முறையாகாது. ஆயின், அத்தயக்கத்தைத் தீர்க்கக் கடையில் வாங்கப்படும் பொட்டலத்துள் என்ன இருக்கின்றது என்பதை அறியாதிருத்தல் தீங்காய் முடியும். “மருதோன்றி” என்ற பெயரையும் பச்சிலைப் படத்தையும் மேலே தாங்கி, அரைமணி நேரத்தில் கருமை தருவதாகக் கூறும் பொடிகள் பல விற்பனையாகின்றன. அவற்றின் உண்மையை அறிய விரும்புவோர் முதலில் மருதோன்றியின் உண்மையை அறிதல் வேண்டும்.

தலைமயிர் ஏன் நரைக்கின்றது? தோலின் கீழேயுள்ள மயிர்க்குழியில் மயிர் உருவாகும்போதே, நிறங்கொடுக்கும் நுண்கலங்கள் மெலனின் என்னும் கரிய பொருளை அதனுள் செலுத்துகின்றன. வயது செல்லச் செல்ல அக்கலங்களும், அவற்றைப் புதிதாய்ப் பிறப்பிக்கும் மூலக் கலங்களும் குறைந்து போகின்றன. அதன்பின் வளரும் மயிர் நிறமின்றி வெளிவருகின்றது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட மயிர் உயிரற்ற பொருள். கெரற்றின் எனப்படும் புரதத்தால் ஆன இழை. எனவே, வெளியே வெளுத்து நிற்கும் இழையை எந்த எண்ணெயும் உள்ளிருந்து மீண்டும் கறுக்கச் செய்ய இயலாது. அதன்மேல் நிறத்தை ஏற்றலாம், அவ்வளவே.

நரை எந்த வயதில் தொடங்குமென்பது பெரும்பாலும் பெற்றோர் வழியாக வருவது. ஆசிய மக்களிடையே இருபத்தைந்து வயதிற்கு முன் தோன்றுவதை இளநரை என்று மருத்துவர் வகுப்பர். புகைபிடித்தலுக்கும் இளநரைக்கும் தொடர்புண்டென்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கடும் மனவழுத்தம் நரம்புகளின் வாயிலாக நிறமூலக் கலங்களை அழிக்கவல்லது என்பது 2020 இல் எலிகளில் நடத்திய ஆய்வொன்றில் புலனாயிற்று. பிசிராந்தையார் கூற்று முற்றும் கற்பனையன்று போலும். கழுத்துச் சுரப்பியாகிய தைரொயிட்டின் கோளாறும், உயிர்ச்சத்து பி12 குறைபாடும் இளநரைக்குக் காரணமாகலாம். பி12 மரக்கறிகளில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. ஆதலால், பாலையும் தயிரையும் மிகக் குறைத்துக்கொண்ட சைவ உணவினர் வீட்டில் இளவயதினர் தலை நரைக்குமாயின், சாயத்தைத் தேடுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் நன்று. குறையை நிரப்பினால் நரை முழுதும் மாறுமென்று உறுதி கூறுதல் அரிது. ஆனால் குறையைக் கவனியாது விட்டால் நரையினும் பெரிய நோய்கள் வரும்.

இனி, நிறமேற்றும் பச்சிலைகளை நோக்குவோம். அவற்றுள் தலையாயது மருதோன்றி. குறைந்த மழையையும் கடும் வெயிலையும் தாங்கி வளரும் இச்செடி, குடாநாட்டின் வீட்டுவளவுகளுக்கு மிகவும் ஏற்றது. முற்றிய கொம்பொன்றை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். பண்டை எகிப்தியர் பதப்படுத்திய சடலங்களின் கூந்தலிலும் இதன் சாயம் காணப்பட்டுள்ளது. முஸ்லிம் பெரியார் பலர் நரைத்த தாடிக்கு இதனையே இட்டுச் செந்நிறமாக்குவர். நம் பெண்கள் கையிலும் நகத்திலும் இடுவதும் இதுவே. உலர்ந்த இலையில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்களவில் லோசோன் என்னும் செம்மஞ்சட் பொருள் உண்டு. அது புரதத்தோடு இறுகப் பிணையும் இயல்புடையது. உள்ளங்கைத் தோலிலும் நகத்திலும் மயிரிலும் சாயம் நிற்பதற்கு அதுவே காரணம். தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் கையிலிட்ட நிறம் சில நாளில் மங்கும். மயிர் உதிராது நிற்பதால் அதிற் பிடித்த நிறம் நெடுநாள் நிற்கும்.

ஆயினும் மருதோன்றி தரும் நிறம் சிவப்பே. கரிய மயிரில் அது ஒருவிதச் செம்மை மினுக்கமாகத் தோன்றும். வெண்மயிரில் செம்பு நிறமாகப் பளிச்சிடும். மருதோன்றி மட்டும் இட்டவர் தலையில் நரைமயிர்கள் தனித்தனிச் செங்கம்பிகளாய்த் தெரிவது இதனாலாகும். மருதோன்றி கறுப்புத் தராது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பல ஏமாற்றங்களிலிருந்து தப்பலாம்.

கருமைக்கு இரண்டாவது செடியொன்று வேண்டும். அதுவே அவுரி, நீலி என்பதும் அதன் பெயர். துணிக்கு நீலச்சாயம் ஊட்டுவதற்காக ஒருகாலத்தில் உலகமெங்கும் பயிரிடப்பட்ட செடி அது. வங்காளத்தில் 1859 இல் உழவர் கிளர்ந்தெழுந்ததும், பீகாரிலுள்ள சம்பாரணுக்கு 1917 இல் காந்தியடிகள் சென்றதும் அவுரிப் பயிரைக் கட்டாயப்படுத்திய தோட்டக்காரரின் கொடுமையினாலேயே. தமிழ்நாட்டிற் சில இடங்களில் இன்றும் அவுரி பயிராகின்றது. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இது தானாக முளைத்து வளரும்.

அவுரியை அடையாளங் காண்பதில் கவனம் வேண்டும். குடாநாட்டு உழவர் பசளைக்காக வெட்டும் காவிளாய் என்னும் செடி, தமிழ்நாட்டார் கொழுஞ்சி என்பது, இலையமைப்பில் அவுரியை ஒத்தது. இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காவிளாயின் காய் தட்டையானது; அவுரியின் காய் மெலிந்து உருண்டு சிறிது வளைந்திருக்கும். காவிளாயின் சிற்றிலையை நுனியில் பிடித்திழுத்தால் அம்புத்தலை வடிவில் அறுந்துவரும். அவுரியிலையைக் கசக்கி வெள்ளைத் துணியில் தேய்த்துக் காற்றில் விட்டால் சிறிது நேரத்தில் நீலச்சாயல் தோன்றும். காவிளாய் வெறும் பச்சைக் கறையையே தரும். ஐயமுள்ளவர் செடியறிந்த சித்த வைத்தியர் ஒருவரிடம் காட்டித் தெளிதல் நன்று.

அவுரி நிறங்கொடுக்கும் முறை வியப்புக்குரியது. பச்சை இலையில் நீலம் நீலமாக இல்லை. நிறமற்ற ஒரு பொருளாக, வெல்லச்சத்தோடு பிணைந்து அடங்கியிருக்கின்றது. இலைப்பொடியில் நீர் பட்டவுடன் இலையிலுள்ள நொதியம் அப்பிணைப்பை அறுக்கும். விடுபட்ட பொருள் இந்தொக்சில் எனப்படும். அது மயிருக்குள் நுழையும் ஆற்றலுடையது. உள்ளே சென்று காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடியதும் கரையாத நீலமாக மாறி அங்கேயே தங்கிவிடும். ஆகவே, மயிருக்கு இடவேண்டியது பசுமை மாறாத அவுரியிலைப் பொடியே. துணிச்சாயத்திற்கென விற்கப்படும் நீலக்கட்டி முன்னரே ஒட்சிசன் ஏற்று முற்றிய பொருள். அது மயிருக்குள் நுழையாது. “நீலி” என்ற பெயரை நம்பி நீலக்கட்டியை வாங்கித் தலையில் தேய்ப்பதால் தலையணை உறைதான் நீலமாகும்.

மருதோன்றியின் செம்மையின்மேல் அவுரியின் நீலம் படியும்போது கண்ணுக்குக் கருமை தோன்றுகின்றது. பாரசீக நாட்டார் நெடுங்காலமாகவே முதலில் மருதோன்றியும் பின்னர் வஸ்மா என்னும் அவுரியும் இட்டுத் தலைமயிரையும் தாடியையும் கறுப்பாக்கி வந்தனர். இரண்டு பொடிகளையும் ஒன்றாகக் கலந்திட்டால் கபில நிறம் வரும். நன்றாகக் கறுக்க வேண்டுமாயின் ஒன்றின்பின் ஒன்றாக இடுதலே வழி.

வேறு பச்சிலைகள் உதவாவோ என்று கேட்போர் உண்டு. கையாந்தகரை என்றும் வழங்கும் கரிசலாங்கண்ணியின் சாறு கருமை கலந்த பச்சையாயிருத்தலால், அது நரையைப் போக்கும் என்ற நம்பிக்கை ஊன்றியுள்ளது. யாழ்ப்பாண அரசர் காலத்தெழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களின் வழிவந்த நம் சித்த மருத்துவ மரபில் தலைக்குரிய நோய்களும் தைலங்களும் விரிவாகப் பேசப்படுகின்றன. கரிசலாங்கண்ணி, நெல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றாற் காய்ச்சிய எண்ணெய் தலைத்தோலின் வறட்சியைத் தணிக்கும். மயிருக்கு மினுக்கம் தரும். கரிய படலமொன்று மேலே படிந்து நரையைச் சற்றே மங்கலாக்கவுங் கூடும். ஆனால் அரப்பு வைத்து முழுகியதும் அப்படலம் நீங்கிவிடும். செவ்வரத்தம் பூவும் இலையும் மயிரை மென்மையாக்குவன, சாயமூட்டுவன அல்ல.

கடுக்காய், நெல்லிக்காய், தேயிலை ஆகியவற்றில் துவர்ப்புச்சத்து மிகுதி. அத்துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கருமையாகும். பழைய எழுத்து மை செய்யப்பட்டதும் இந்த முறையிலேயே. ஆதலால், தேயிலைச் சாயத்தில் குழைத்த மருதோன்றியை இரும்புச் சட்டியில் வைத்துப் பூசுவோருக்குச் செம்மை சிறிது அடங்கி இருண்ட நிறம் கிடைக்கும். நரை மிகுந்த தலைக்கு இது போதாது. சேங்கொட்டையை மட்டும் எவரும் தலைக்கருகே கொண்டுபோதல் கூடாது. வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய அக்கொட்டையின் நெய் கருமையை அழியாது பதிக்குமாயினும், தோலைப் புண்ணாக்கும் நஞ்சு அது.

இனிச் செய்முறை. தோள்வரை நீண்ட கூந்தலுக்கு ஏறக்குறைய 100 கிராம் மருதோன்றிப் பொடியும் அதேயளவு அவுரிப் பொடியும் தேவைப்படும். ஆடவரின் குறுகிய மயிருக்கு இதிற் பாதி போதும். வீட்டுச் செடியிலிருந்து பொடி செய்வோர் இலைகளை நிழலில் விரைவாக உலர்த்தி, இடித்து, மெல்லிய துணியில் அரித்து, காற்றும் ஒளியும் புகாத போத்தலில் இடவேண்டும். நாட்பட்ட பொடி கபில நிறமாகிச் சாயத்தன்மை இழக்கும். அவுரி இன்னும் விரைவில் கெடும். அதன் பொடி பச்சையாயிருக்கின்றதா என்று பார்த்தே எடுத்தல் வேண்டும்.

இங்கே குடாநாட்டின் தண்ணீரைப் பற்றி ஒரு சொல் கூறுதல் அவசியம். சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளில் தேங்கிய நீரே நம் கிணறுகளில் ஊறுகின்றது. கேத்தலின் அடியில் வெண்ணிறமாகப் படிவதும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் அச்சுண்ணாம்பின் வேலையே. மருதோன்றியின் லோசோன் சிறிது புளிப்பான நீரிலே நன்றாக வெளிப்பட்டு நிலைக்கும். சுண்ணாம்பு நீர் அப்புளிப்பை முறிக்கும். ஆகவே மாரிகாலத்தில் சேர்த்த மழைநீரைப் பயன்படுத்துதல் மிக நன்று. அஃதில்லாவிடின் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியிற் படிந்ததை விட்டுத் தெளிந்ததை இறுத்து, அதில் தேசிக்காய்ச் சாறு சேர்த்துக்கொள்ளலாம். அவுரிக்கு இதற்கு மாறான விதி. அதற்குப் புளிப்பு ஆகாது. தேசிக்காய் ஒருதுளியும் கூடாது. வெறும் நீரே வேண்டும்.

முதல்நாள் இரவில் மருதோன்றிப் பொடியை இளஞ்சூடான நீரிலும் தேசிக்காய்ச் சாற்றிலும் குழைத்து, மண் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் மூடிவைக்க வேண்டும். கொதிநீர் ஊற்றுதல் தவறு. நம் நாட்டு வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் சாயம் விட்டுவிடும். விடியற்காலையில் சிறிதளவை உள்ளங்கையில் வைத்துப் பத்து நிமிடத்தில் துடைத்துப் பார்த்தால் செம்மஞ்சட் கறை தெரியும், அதுவே பதம். தலையில் எண்ணெய் இருந்தால் சாயம் உட்புகாது. ஆகையால் முதல்நாளே நன்றாக முழுகி, எண்ணெய் வையாது மயிரை உலரவிடுதல் முறை. நெற்றியோரத்திலும் காதிலும் மட்டும் சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் தோலில் கறை பிடியாது. பூசுபவர் கையுறை அணியாவிட்டால் பல நாளுக்குச் சிவந்த கையோடு திரியவேண்டி வரும்.

மயிரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை தடிப்பாகப் பூசி, வாழையிலையாலோ பழந்துணியாலோ தலையைச் சுற்றிக்கட்டி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் இருத்தல் வேண்டும். பூச்சுக் காய்ந்துவிட்டால் சாயம் ஏறாது; அதனாலேயே கட்டுகின்றோம். பின்னர் வெறும் நீரில் அலசவேண்டும். இப்போது நரை செம்பு நிறமாய்த் தோன்றும். கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வேலை பாதியே முடிந்தது.

அலசியபின்னரே அவுரியைக் குழைத்தல் வேண்டும். இளஞ்சூடான நீரை விட்டுத் தயிர்ப் பதமாகக் கலக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் மேற்பரப்பில் நீலச்சாயல் படரத் தொடங்கும். உடனே ஈரமான கூந்தலில் பூசிவிட வேண்டும். மருதோன்றி காத்திருக்கும், அவுரி காத்திருக்காது. அரைமணி நேரம் கடந்தால் நீலம் பாத்திரத்திலேயே முற்றிப் பயனற்றுப் போகும். ஒன்றரை இரண்டு மணி நேரத்தின்பின் வெறும் நீரில் நீர் தெளியும்வரை அலசவேண்டும். அன்று மயிர் சற்றுப் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றுதல் கூடும். காற்றோடு கலந்து நிறம் முற்றுவதற்கு ஒருநாள் இரண்டுநாள் செல்லும். அதுவரை அரப்போ சவர்க்காரமோ படக்கூடாது. நெடுநேரம் தலை ஈரமாயிருத்தலால் தடிமன் பிடிக்கும் உடம்பினர் மாரிகாலத்தைத் தவிர்த்து, வெயிலுள்ள காலைப்பொழுதில் இதனைச் செய்தல் நலம்.

தலையெங்கும் பூசுமுன், சீப்பிற் சேர்ந்த நரைமயிர் சிலவற்றை எடுத்து, இதே முறையிற் சாயமிட்டு இரண்டுநாள் வைத்துப் பார்ப்பது அறிவுடைமை. ஒவ்வொருவர் மயிரும் ஒவ்வொரு விதமாக நிறங்கொள்ளும். மயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால் மூன்று நான்கு கிழமையில் வேரடியில் வெண்கோடு தெரியும். அப்போது புதிதாய் வளர்ந்த பகுதிக்கு மட்டும் பூசினாற் போதும். திருமணத்திற்கெனச் செய்வோர் ஒருகிழமை முந்தியே செய்துவிடுதல் வேண்டும். கலியாணத்திற்கு முதல்நாள் மாலை தொடங்கினால், மணப்பந்தலில் பச்சைச் சாயலோடு நிற்க நேரும்.

இத்தனை உழைப்பையும் இரண்டுநாட் காத்திருப்பையும் கேட்டவர், அரைமணியில் கருமை தரும் பொட்டலம் இருக்க இது எதற்கென்று எண்ணுதல் கூடும். அந்த அவசரத்திற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1856 இல் வில்லியம் பேர்க்கின் என்னும் ஆங்கிலேய இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு ஊதாச்சாயம் ஒன்றைக் கண்டார். 1869 இல் வேர்ச்சாயங்களின் சிவப்பும், 1897 இல் அவுரியின் நீலமும் தொழிற்சாலைகளில் செய்து விற்கத்தக்கனவாயின. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல்நிலத்தில் அகழப்பட்டு, ஒல்லாந்தர் தம் தனியுரிமையாகக் காத்துவந்த சாயவேரின் சிவப்பும் அவ்வினத்ததே. துணிக்கு வந்த மாற்றம் தலைக்கும் வந்தது. பரா பினைலீன் டயமீன் என்ற பொருளைக் கொண்ட மயிர்ச்சாயங்கள் எழுந்தன. 1907 இல் பிரான்சிய இரசாயனர் யூஜீன் சுலேர் செய்த செயற்கை மயிர்ச்சாயம் பெருந்தொழிலொன்றுக்கு வித்தாயிற்று. இன்று கடைகளில் விற்கும் கருஞ்சாயங்களுட் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

அப்பொருளை அளவோடு, அதன் பெயரை வெளிப்படையாய்ப் பொறித்து, எச்சரிக்கையோடு விற்பது ஒருவகை. ஐரோப்பிய நாடுகளில் தலையிற் பூசும் கலவையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் அது இருத்தலாகாது என்ற விதியுண்டு. அதனையே மருதோன்றிப் பொடியிற் கலந்து, “கறுப்பு மருதோன்றி” என்ற பெயரால் பச்சிலையென விற்பது மற்றொருவகை. தீங்கு இங்கேதான் பெரிது. பச்சிலை என்று நம்பியவர் சோதித்துப் பார்ப்பதில்லை; குழந்தைகளின் கையிலும் கோலமிட்டு விடுகின்றனர். ஒவ்வாமை ஏற்பட்டவர்க்குத் தலைத்தோல் கொப்பளிக்கும். கண்ணிமை மூடுமளவிற்கு முகம் வீங்கும். சிலர்க்கு மூச்சுத் திணறும். ஒருமுறை ஒவ்வாமை கொண்ட உடம்பு அதனை ஆயுள்முழுவதும் மறப்பதில்லை. அதனோடு உறவுடைய சில துணிச்சாயங்களும், உணர்ச்சி நீக்கும் சில மருந்துகளுங்கூடப் பின்னர் அவர்க்கு ஆகாமற் போகலாம்.

பொட்டலத்தின் உண்மையை அறிய இரசாயன சாலைக்குச் செல்ல வேண்டியதில்லை. நேரமே போதிய சான்று தரும். தனி மருதோன்றி செம்மை தவிர வேறு நிறம் தராது. அவுரி முற்ற ஒருநாளேனும் வேண்டும். ஆகவே, ஒரே பொடி ஒரே பூச்சில் ஒருமணி நேரத்துள் நரையைக் கரிய மயிராக்கினால், அதில் பச்சிலையன்றி வேறொன்று உண்டென்று துணிந்து கொள்ளலாம். பொடியின் மணமும் உதவும். மருதோன்றி உலர்ந்த புல்லின் மணமும், அவுரி பச்சைப் பயற்றை ஒத்த மணமும் உடையன. மூக்கைத் துளைக்கும் நெடி இருப்பின் ஒதுக்குதல் நன்று. சில பொடிகளில் ஈயம் முதலிய உலோக உப்புகளைச் சேர்த்தலும் உண்டு. அவை உடம்புக்குக் கேடு. அத்தகைய தலையில் வெளிற்றும் மருந்து பின்னர் பட்டால் மயிர் சூடேறி இற்றுவிடும்.

பச்சிலையென்பதால் கண்ணை மூடிக்கொண்டு பூசலாமென்றும் எண்ணுதல் கூடாது. எதற்கும் முன்னரே முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரண்டுநாள் பார்த்தல் வேண்டும். சிலருடைய குருதியில் ஜி6பி.டி. என்னும் நொதியம் பிறவியிலேயே குறைவு. அக்குறையுள்ள குழந்தைகளின் உடலில் தூய மருதோன்றியைப் பூசினாலும் செங்குருதிக் கலங்கள் சிதைந்து உயிருக்கு ஆபத்து வந்ததுண்டு. கைக்குழந்தைக்கு மருதோன்றி இடாதிருத்தலே பாதுகாப்பு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 இல் சித்த மருத்துவக் கல்வி தொடங்கப்பெற்றுக் கைதடியில் நடைபெற்று வருகின்றது. செடியறிவைப் பெற விரும்புவோருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. வேலியோரத்தில் ஒரு மருதோன்றிக் கொம்பு, கொல்லையில் பத்து அவுரிச் செடி. ஒரு குடும்பத்தின் தேவைக்கு இவற்றோடு கைப்பழக்கமும் சேர்ந்தால் போதும். பேத்தியின் கூந்தலைப் பிரித்துப் பூசிவிடும் பாட்டிக்கும், பாட்டியின் தலைக்குப் பூசிவிடும் பேத்திக்கும் ஒரு காலைப்பொழுது ஒருங்கே கழியும். அவ்வளவும் செய்ய மனமில்லாதவர் நரையை அப்படியே விட்டுவிட்டாலும் குறையொன்றுமில்லை. கரிகாற் சோழன் வலிந்து தேடிச் சூடிக்கொண்டது அதனைத்தானே.